நீர் இரண்டு விரற்கடை

கடல் இல்லாத நாட்டிலும் கரை உண்டு.
ஹங்கேரியின் கிஷ்குன் சமவெளியில்
சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டது போல ஓர் ஏரி.
முழங்கால் நனையாது.
ஆகஸ்டுக்குள் வற்றும், வற்றினால் உவர் பூக்கும்.
முன்பெல்லாம் அதைத் துடைப்பத்தால் கூட்டிப்போய்
சோப்புக் காய்ச்சினார்கள்.
இப்போது கூட்டுபவள் ஸெந்த்ரெய் போரோகா ஒருத்திதான்,
வலையால்,
ஈக்களை.

தமிழில் ஈ ஓட்டுவது வேலையற்றவர் வேலை.
இவளுக்கு அதற்குச் சம்பளம் உண்டு, மூன்று வருடத்துக்கு.
இது மூன்றாவது வருடம்.

எள்ளுக்குக் கால் முளைத்தாற்போல்
நீர்மேல் நடக்கின்றன, பாதம் நனையாமல்.
புழுவாய் இருக்கையில் வால்நுனிக் குழலை மேலே நீட்டி
மூச்சு வாங்கிக்கொண்டே பாசி மேய்ந்தவை.
முன்கால் தடித்த ஒன்று இருக்கிறது;
இடுக்கிபோல் மடக்கி
சொந்தக்காரர்களையே பிடித்துத் தின்னும்.
சேற்றுக்கு ஒன்று, அழுகிய நாணலுக்கு ஒன்று,
உள்ளான் எச்சத்துக்கு ஒன்று,
ஒரு சிட்டிகை உப்புக் கூடினால் வேறொன்று.
இதுவரை நாற்பத்தொன்று.

இன்னது என்று சொல்ல ஆண் வேண்டும்.
அதன் வயிற்று நுனியைக் கிள்ளிக்
காரக் கரைசலில் காய்ச்சி
கண்ணாடிக்கடியில் பார்க்க வேண்டும்.
சிறகு பொய் சொல்லும். நிறம் பொய் சொல்லும்.
அங்கே மறைந்திருக்கும் கொக்கி
இதுவரை பொய் சொன்னதில்லை.

நாற்பத்திரண்டாவது காகிதத்தில் இருக்கிறது.
ஐம்பத்தாறு நவம்பரில்
புதாபெஸ்ட் தெருக்களில் பீரங்கி பேசியபோது
அருங்காட்சியகத்து ஈக்கள் எரிந்தன.
மனிதர் செத்துக்கொண்டிருந்த ஊரில்
ஈக்களுக்கு யார் துக்கம் கேட்பார்?
லோரான்த் கஷ்பார் கேட்டிருக்கலாம்.
அவர் பிடித்தவை இருந்த பெட்டியும் அதில் போயிற்று.
வீட்டில் கிடந்த நோட்டு தப்பியது.
பென்சிலால் ஒரு கொக்கி, பக்கத்தில் மூன்று வரி:
குளம்புக் குழி.
நீர் இரண்டு விரற்கடை.
ஆண் மூன்று.

போரோகா கரை முழுக்கத் தேடினாள்.
மஞ்சள் தட்டு வைத்தாள், கூண்டு வைத்தாள்,
குளம்புக் குழி மட்டும் கிடைக்கவில்லை.
ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று
மாடுகளை விலக்கி வேலி போட்டிருந்தார்கள்.
அந்தப் பரிந்துரையின் நான்காம் பக்கத்தில்
அவள் கையெழுத்தும் உண்டு.

மே மாதம், மழைக்கு மறுநாள்
மேய்ப்பர் வெந்தெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.
சில்லாக் வேலியை உடைத்துவிட்டதாம்.
சில்லாக் என்றால் விண்மீன்;
கொம்பு ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும் சாம்பல் பசு.
அபராதம் எவ்வளவு என்று கேட்டார்.
அவள் பதில் சொல்லவில்லை.
களர்ச்சேற்றில் நேர்க்கோடாக
இருபது முப்பது குழிகள்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.
அவள் குப்புறப் படுத்துவிட்டாள்.
பதினேழாவது குழியில், விளிம்பில்,
முகம் கழுவிக்கொண்டிருந்தது.

விரலை வைத்து அளந்தாள். இரண்டு.

மாலை, கண்ணாடிக்கடியில்: பெண்.
பெண்ணுக்குக் கொக்கி கிடையாது.
இதுவாக இருக்கலாம், இதன் தங்கை இனமாக இருக்கலாம்,
காற்று கொண்டுவந்த வேறெதுவாகவும் இருக்கலாம்.
அரிசி அகலச் சீட்டில் எழுதினாள்:
இடம், தேதி, குளம்புக் குழி.
இனம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.
பிடித்தவர் என்ற இடத்தில்
தன் பெயரை எழுதிச் சற்று யோசித்து
சில்லாக் என்று சேர்த்தாள்.
அருங்காட்சியகத்தில் அதை அடிப்பார்கள்.

ஈ என்றால் கொடு என்றும் பொருள் கொண்ட மொழி
அவளுக்குத் தெரியாது.
இரவு அவள் எழுதியது ஹங்கேரிய மொழியில்,
பூங்கா அலுவலகத்துக்கு:
நான்காம் பக்கத்தில் நான் எழுதியது தவறாக இருக்கலாம்.
'இருக்கலாம்' என்பதை அடித்தாள்,
பிறகு மறுபடி எழுதினாள்.

காலையில் வெந்தெல் வேலியைச் சரிசெய்ய வந்தார்.
சுத்தியல் இருந்தது, ஆணி இருந்தது.
அவள் வலையோடு அந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள்.
அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச்
சுருட்டுக்குத் தீப்பெட்டி தேடினார்,
நெடுநேரம்,
எல்லாப் பைகளிலும்.